எங்கள் இலக்கிய இதழில் பெண்களின் பங்களிப்பு குறைவாக இருக்கிறது: என்ன செய்யலாம்?

வெண்தாள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு காலாண்டு இலக்கிய இதழை நடத்தி வருகிறோம். அண்மையில் பழைய இதழ்களையெல்லாம் மேசைமேல் பரப்பி, உள்ளடக்கப் பக்கங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். தனித்தனி இதழாகப் புரட்டும்போது கண்ணில் படாத ஒன்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. கவிதைப் பகுதியில் பெண்களின் பெயர்கள் ஓரளவு இருக்கின்றன, சிறுகதையில் குறைகின்றன, கட்டுரை, நூல் மதிப்புரை, மொழிபெயர்ப்பு என்று போகப்போக ஏறத்தாழ மறைந்தே விடுகின்றன. அட்டைப்படங்களும் உள்ளோவியங்களும் தொடக்கத்திலிருந்தே ஆண் ஓவியர்கள் வரைந்தவை. அந்த அட்டைகளில் பாதிக்கு மேல் பெண் முகங்கள் என்பது வேறு விஷயம்.

இதைக் குழுவில் பேச எடுத்தபோது இரண்டு நிலைப்பாடுகள் உருவாயின. வந்து சேர்வதில் சிறந்ததைத்தான் வெளியிடுகிறோம், வராததை எப்படி வெளியிடுவது என்பது ஒன்று. அடுத்த இதழையே பெண்கள் சிறப்பிதழாகக் கொண்டுவந்து, எழுத்து, ஓவியம், ஒளிப்படம், வடிவமைப்பு அனைத்தையும் பெண்களிடமே ஒப்படைத்துவிடலாம் என்பது மற்றொன்று. முதலாவது கையை விரிப்பதாகவும், இரண்டாவது ஒரே இதழில் கணக்கைத் தீர்த்துவிடுவதாகவும் எனக்குப் படுகிறது. பெயரை மறைத்துவிட்டுப் படைப்புகளைப் படிக்கலாம் என்று மூன்றாவதாக ஒரு யோசனையும் வந்திருக்கிறது. இதழ்ப் பணியில் அனுபவம் உள்ளவர்களும், இதழ்களுக்கு எழுதுபவர்களும் வரைபவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெய்ப்புநோக்கி (மறுமொழி)

நண்பர் வெண்தாளுக்கு வணக்கம். "வராததை எப்படி வெளியிடுவது" என்ற வாதத்தை இதழாசிரியர்கள் பலர் மனமார நம்பியே சொல்கிறார்கள் என்பதால், அதை ஒதுக்கிவிடாமல் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் 2009இல் தொடங்கப்பட்ட விடா என்ற பெண் எழுத்தாளர் அமைப்பு, 2010ஆம் ஆண்டின் இதழ்களிலிருந்து ஒரு கணக்கெடுப்பை நடத்தத் தொடங்கியது. முன்னணி இலக்கிய இதழ்களில் எழுதியவர்களில் பெண்கள் எத்தனை பேர், மதிப்புரை எழுதியவர்களில் எத்தனை பேர், மதிப்புரை பெற்ற நூல்களில் பெண்கள் எழுதியவை எத்தனை என்று எண்ணி, வட்டப்படமாக வரைந்து வெளியிட்டார்கள். பல இதழ்களில் ஆண்களின் பங்கு மூன்றில் இரண்டுக்கும் மேலாக இருந்தது. அதன் பிறகு 'டின் ஹவுஸ்' என்ற இதழின் ஆசிரியர் குழு தன் வரவுப் பதிவேட்டைத் தானே சோதித்துப் பார்த்தது. யாரும் கேட்காமல் தாமாகவே அனுப்புகிறவர்களில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சரிபாதியாகவே இருந்தார்கள். ஆனால், எங்களுக்கு ஒரு படைப்பு அனுப்புங்கள் என்று ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டவர்களில், கேட்டபடி அனுப்பியவர்கள் பெண்களைவிட ஆண்கள் இரு மடங்குக்கும் மேல். ஏற்கெனவே அதே இதழில் எழுதியவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆகவே, வருவதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தப் படியில் வரவு நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மறுப்புக் கடிதத்துக்குப் பிறகு நிற்கிறது. "தங்கள் படைப்பு இதழுக்குப் பொருந்தி வரவில்லை, தொடர்ந்து எழுதுங்கள்" என்ற வரியை ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார். அதைப் படிக்கும் ஒருவர், சரி, அடுத்த மாதம் இன்னொன்றை அனுப்பிப் பார்ப்போம் என்று எடுத்துக்கொள்கிறார். மற்றொருவர், நாகரிகமாகக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். ஒதுங்குகிறவர்கள் எல்லோரும் பெண்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எழுதுவதற்கான நேரத்தை வீட்டு வேலைகளுக்கிடையே திருடிக்கொள்ள வேண்டியிருக்கும் ஒருவர், பலன் தெரியாத இரண்டாவது முயற்சிக்கு அந்த நேரத்தைச் செலவிடத் தயங்குவது இயல்பு. கடிதத்தில் "தொடர்ந்து எழுதுங்கள்" என்பதற்குப் பதிலாக, "கதையின் நடுப்பகுதியில் வரும் ரயில் பயணம் நீண்டுவிட்டது, அதைச் சுருக்கி வரும் இதழுக்கு அனுப்பினால் மறுபடியும் படிக்கிறோம், கடைசித் தேதி இது" என்று எழுதிப் பாருங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். முகத்தாட்சண்யம் பார்த்து அந்த இரண்டாவது கடிதத்தை எழுதாமல் விடுகிற ஆசிரியர்களே அதிகம்.

அடுத்தது, எதைக் கேட்கிறோம் என்பது. பெண்களிடம் கவிதையும் சொந்த அனுபவமும் கேட்கிறோம். ஆண்களிடம் விமர்சனமும் கோட்பாடும் கேட்கிறோம். அபூர்வமாக ஒரு பெண்ணிடம் கட்டுரை கேட்டால், அது பெண்ணெழுத்தைப் பற்றியதாகவே இருக்கும். யாப்பு பற்றியோ, நாவலின் காலக் கட்டமைப்பு பற்றியோ, ஓர் ஆண் கவிஞரின் மொத்தத் தொகுப்பு பற்றியோ எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்த கடிதத்தைப் பெற்ற பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? உங்கள் உள்ளடக்கப் பக்கத்தில் கட்டுரைப் பகுதி வறண்டிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது என்பதற்கு ஹாரியட் மன்றோ நல்ல முன்னுதாரணம். 1912இல் சிகாகோவில் 'பொயட்ரி' இதழைத் தொடங்குவதற்கு முன்பே நூலகத்தில் அமர்ந்து அப்போதைய கவிஞர்களைப் படித்துத் தெரிவு செய்து, ஒவ்வொருவருக்கும் அழைப்பு அனுப்பினார். படைப்புக்குப் பணம் உண்டு என்பதையும் அதிலேயே சொன்னார். அதற்கான முதலுக்கு, ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாக நூறு பேரிடம் உறுதி வாங்கியிருந்தார். எல்லா இதழுக்கும் இது இயலாது. ஆனால் சன்மானம் சிறிய தொகையாக இருந்தாலும், எழுதுவது பொழுதுபோக்கு அன்று, வேலை என்று வீட்டில் சொல்லிக்கொள்ள அது உதவுகிறது என்று பெண் படைப்பாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நம் மொழியிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் முறையாகப் பள்ளிப்படிப்புப் பெறாதவர். தம் முதல் படைப்பான நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர்தான் எழுதிக்கொண்டார். அவரே 1925இல் நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். தட்டச்சு செய்த கோப்பாக மட்டுமே படைப்பை அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தால், அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். குரல்பதிவாகவோ கைப்பிரதியாகவோ அனுப்பலாம், தட்டச்சு செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தால், நேர்காணலும் நினைவுக் கட்டுரையுமாகப் புதியவர்கள் வருவார்கள்.

கோட்டோவியம் (மறுமொழி)

வணக்கம். இதழ்களுக்கு வரைகிறவள் என்ற முறையில் ஓவியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எழுத்தைப் பற்றி மெய்ப்புநோக்கி அவர்கள் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை.

அட்டைகளில் பாதிக்கு மேல் பெண் முகங்கள், வரைந்தவர் எல்லோரும் ஆண்கள் என்று எழுதியிருந்தீர்கள். கெரில்லா கேர்ள்ஸ் என்ற கலைஞர் குழு 1989இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எண்ணிப் பார்த்துச் சுவரொட்டியாக வெளியிட்டதும் இதைத்தான்: நவீன ஓவியப் பிரிவில் பெண் ஓவியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் ஆடையற்ற உருவங்களில் 85 விழுக்காடு பெண்கள். இலக்கிய இதழ்களின் அட்டைகள் ஆடையணிந்த வடிவில் அதே வழக்கத்தைத் தொடர்கின்றன. நீண்ட கூந்தல், பாதி மூடிய கண்கள், பின்னணியில் ஒரு பறவை. உள்ளே இருக்கும் கதைக்கும் அந்த முகத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

பெண் ஓவியர்களை எப்படி அழைப்பது என்று கேட்பதற்கு முன், ஓவியரை இதழில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நடப்பது என்னவென்றால், பக்க அமைப்பு முடியும் தறுவாயில் கதை எதிர்பார்த்ததைவிடக் குறுகலாக நின்று கால் பக்கம் வெற்றிடம் விழுகிறது. அச்சுக்குப் போகும் முந்தின இரவு ஓவியரை அழைத்து, ஒரு பெண் சன்னலோரம் நிற்பதுபோல் ஏதாவது வரைந்து அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். கதையைக் கேட்டால், படிக்க நேரமிருக்காது, சுருக்கத்தைச் சொல்கிறேன் என்பார்கள். வரைந்து அனுப்பிய படம் இதழில் வரும்போது வலது ஓரம் நறுக்கப்பட்டிருக்கும். கையெழுத்து அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும். உள்ளடக்கப் பக்கத்தில் தலைப்பு இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. இரவு அழைப்புக்கு உடனே உட்கார்ந்து வரைந்து தரக்கூடியவர் யார் என்று யோசித்தாலே, உங்கள் ஓவியர் பட்டியல் ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கிவிடும்.

பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியரை 1909இல் அவர் வரைந்த, குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுகளுக்காகவே இன்று பலரும் அறிவார்கள். அந்தச் சீட்டுக்கட்டு நெடுங்காலம் பதிப்பாளர் பெயராலும் வடிவத்தைச் சொன்னவர் பெயராலும்தான் வழங்கி வந்தது. வரைந்தவருக்குக் கிடைத்தது சிறிய ஊதியம் மட்டுமே. அதற்கு முன்பே, 1903-04இல், அவர் 'தி கிரீன் ஷீஃப்' என்ற சிறிய இதழைத் தாமே ஆசிரியராக இருந்து 13 இதழ்கள் கொண்டுவந்தார். கவிதையும் கதையும் படமும் ஒன்றுக்கொன்று இணையாக நின்ற அந்த இதழின் படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். ஓவியர் பக்கத்தை நிரப்புகிறவராக இல்லாமல் இதழை வடிவமைக்கிறவராக இருந்தபோது என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

எனக்கு மிகவும் பிடித்தது 'தி லிட்டில் ரிவ்யூ'வின் 1916 செப்டம்பர் இதழ். மார்கரெட் ஆண்டர்சன் 1914இல் தொடங்கி நடத்திய அந்த இதழுக்கு, தகுதியான படைப்புகள் வரவில்லை என்று சொல்லிப் பல பக்கங்களை வெற்றுத்தாளாகவே விட்டுவிட்டார்கள். நடுவில் இருந்தவை ஜேன் ஹீப் வரைந்த கேலிச் சித்திரங்கள்: திருத்துவதற்கு ஒன்றும் இல்லாதபோது ஆசிரியர் பியானோ வாசிப்பதும் குதிரையேறுவதும். இந்த இருவர்தான் பின்னர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யூலிசிஸ்' நாவலைத் தொடராக வெளியிட்டு, 1921இல் ஆபாச வழக்கில் ஆளுக்கு 50 டாலர் அபராதம் கட்டினார்கள். வெற்றிடத்தை அவசரப் படத்தால் மூடாமல், அதையே ஓர் ஓவியரின் களமாக மாற்ற முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். கதையின் முழுப் பிரதியையும் ஓவியருக்கு முன்கூட்டியே கொடுங்கள். எந்தக் காட்சியை வரைவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். மங்கிய தாளில் கறுப்பு மையில் அச்சிடுகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் மெல்லிய பென்சில் கோடும் நீர்த்த மையின் சாயலும் அந்தத் தாளில் தேறாது. படத்தை அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தெளிவில் கேளுங்கள். ஒரு முறை அச்சிடும் உரிமை மட்டுமே இதழுக்கு, மூலப்படம் ஓவியருக்கே சொந்தம் என்பதை எழுத்தில் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தோடு ஒட்டாத தனி ஓவியப் பக்கங்களை ஒதுக்குங்கள். இதழ்கள் பெரும்பாலும் ஒரு பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் என்ற கணக்கில் அச்சாவதால் கடைசியில் இரண்டு மூன்று பக்கங்கள் எப்படியும் மிஞ்சும். அதில் விளம்பரத்தையோ சந்தாப் படிவத்தையோ போடுவதற்கு முன் ஓர் ஓவியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சுவடி (மறுமொழி)

பெயரை மறைத்துப் படிப்பது பற்றிச் சுருக்கமாக. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் 1968 முதல் அறிவியல் புனைகதை இதழ்களில் கதைகள் வந்தன. அந்த எழுத்தில் தவிர்க்கவே முடியாத ஓர் ஆண்தன்மை இருக்கிறது என்று ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் முன்னுரையே எழுதினார். 1977இல் டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்பது வெளியே தெரிந்தது. பெயரைப் பார்த்ததும் வாசிப்பு எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் பக்கம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்துப் பெண் பெயர்களை எண்ணுகிறவர்கள் இதையும் மனத்தில் கொள்வது நல்லது; ஊகிப்பதைவிடப் படைப்பாளர் குறிப்பில் அவர்களே தம்மைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனினும் பெயர் மறைப்பு தாமாக வரும் படைப்புகளின் முதல் வாசிப்புக்கு மட்டுமே உதவும். கட்டுரையும் மொழிபெயர்ப்பும் மதிப்புரையும் கேட்டு வாங்கப்படுபவை; கேட்பது பெயரைத் தெரிந்துகொண்டுதான். உங்கள் குறை இருப்பதும் அந்தப் பகுதிகளில்தான். கவிதைக்கும் சிறுகதைக்கும் வேண்டுமானால் செய்து பாருங்கள்.

நடுப்பக்கம் (மறுமொழி)

சிறப்பிதழுக்கு ஆதரவாக இங்கு யாரும் பேசாததால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். இதழ்களில் ஆங்காங்கே ஒன்றிரண்டாக வரும் குரல்கள், ஒரே அட்டைக்குள் வரும்போதுதான் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' மெலிந்த கவிதைத் தொகுப்புதான். ஆனால் ஈழத்துப் பெண் கவிஞர்களைப் பற்றி அதன் பிறகு எழுதிய எவரும் அதைத் தவிர்த்துவிட்டு எழுதியதில்லை. உதிரியாக வந்த கவிதைகளை வாசகர் மறந்துவிடலாம். தொகுப்பாக நிற்பதை விமர்சகர் மறக்க முடியாது. ஆகவே ஒரே இதழில் கணக்கைத் தீர்த்துவிடுவது என்று வெண்தாள் அவர்கள் சொல்வதை முழுவதும் ஏற்க இயலவில்லை.

ஆனால் சிறப்பிதழை யார் தொகுக்கிறார்கள் என்பது முக்கியம். வழக்கமான ஆசிரியர் குழு தெரிவு செய்து, "பெண்மையின் குரல்கள்" என்று தலையங்கம் எழுதி, மார்ச் மாதத்தில் வெளியிடும் சிறப்பிதழ் எனக்கும் உவப்பானது அன்று. அந்த இதழின் தெரிவு, தலையங்கம், அட்டை, செலவுத் திட்டம் ஆகியவற்றின் முழு அதிகாரத்தையும், அந்த ஓர் இதழுக்காக வெளியிலிருந்து அழைக்கும் அழைப்பாசிரியர் ஒருவருக்குக் கொடுங்கள். நீங்கள் மெய்ப்புப் பார்க்கவும் அச்சகத்துக்கு அலையவும் மட்டும் இருங்கள். பொருளையும் திறந்து விடுங்கள். பெண்கள் எழுதும் இதழ் என்பதாலேயே பெண்களைப் பற்றிய இதழாக இருக்க வேண்டியதில்லை. கடல் பற்றியோ கணிதம் பற்றியோ கூட இருக்கலாம்.

மெய்ப்புநோக்கி (மறுமொழி)

நடுப்பக்கம் அவர்கள் சொல்லும் வகைச் சிறப்பிதழாக இருந்தால் எனக்கும் மறுப்பில்லை. ஒரு நிபந்தனை மட்டும் சேர்ப்பேன்: அதற்கு அடுத்து வரும் சாதாரண இதழுக்கான அழைப்புக் கடிதங்கள், சிறப்பிதழ் அச்சில் இருக்கும்போதே போய்விட வேண்டும். சிறப்பிதழில் எழுதியவர்களை அதன் பிறகு அந்த இதழ் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். "போன முறைதானே பெண்களுக்கு ஓர் இதழ் போட்டோம்" என்ற பதில் அவர்களுக்குக் காத்திருக்கும்.

வெண்தாள்

அனைவருக்கும் மிக்க நன்றி. அழைப்பாசிரியர் யோசனையையும், ஓவியர் பெயரை உள்ளடக்கப் பக்கத்தில் சேர்ப்பதையும் குழுவில் வைக்கிறேன். கோட்டோவியம் அவர்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மதிப்புரைப் பகுதிதான் எங்களிடம் மிக மோசமாக இருக்கிறது. பெண்களைக் கேட்டால், தெரிந்தவர்கள் எழுதிய நூலைப் பற்றி வெளிப்படையாக எழுதி ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும் என்று மறுத்துவிடுகிறார்கள். இதற்கு வழி உண்டா?

மெய்ப்புநோக்கி (மறுமொழி)

அந்தத் தயக்கம் நியாயமானது. கடுமையான மதிப்புரை எழுதிய ஆணைக் கறாரான விமர்சகர் என்பார்கள். அதையே ஒரு பெண் எழுதினால் தனிப்பட்ட காழ்ப்பு என்பார்கள். அவர் எழுதிய வரிகளுக்கு இதழ் பொறுப்பேற்கிறது என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். கோபமான எதிர்வினைகள் வந்தால் அவற்றை அவருக்கு அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்காமல் ஆசிரியரே பதில் எழுதுங்கள்.

நூலை நீங்களாக ஒதுக்கித் தராமல், மதிப்புரைக்கு வந்த நூல்களின் பட்டியலை அனுப்பி அவரையே தெரிந்தெடுக்கச் சொல்லுங்கள். பெண் கவிஞரின் தொகுப்புக்குப் பெண் மதிப்புரையாளர் என்று ஜோடி சேர்க்கும் வழக்கம் அதனால் தானாகவே குறையும். அறிமுகம் இல்லாத நூலாசிரியரின் மொழிபெயர்ப்பு நூல், பழைய நூலின் மறுபதிப்பு போன்றவற்றில் தொடங்கினால் பகை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. முதல் மதிப்புரைக்கு 600 சொற்கள் போதும். அது அச்சாகி அவர் கைக்குப் போய்ச் சேரும் அஞ்சல் உறையிலேயே அடுத்த நூலையும் வைத்து அனுப்பிவிடுங்கள்.